நான்கு முன்தள்ளிகள்

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, வண்டி இழுக்குமா, எஞ்சின் சூடாகுமா என்று. இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பதினாறு வருடமாகச் செம்மேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள், ஐயா. சென்றாயனின் ஜீப் அறுபத்தாறாவது வளைவில் ஏன் நிற்கவில்லை என்று. சொல்கிறேன். அதற்கு முன் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடுவீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

2002-ல் சேலத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். உதிரிபாகங்களின் பட்டியலை அதில் ஏற்றி வைக்கலாம் என்று நினைத்தேன். அதைச் செய்யவே இல்லை. கம்ப்யூட்டரோடு ஒரு சிடி வந்தது. விண்வெளிக் கப்பல் விளையாட்டு. ஒரு நிலையத்தில் சரக்கு ஏற்றி இன்னொரு நிலையத்தில் இறக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கப்பலின் எந்தப் பாகத்தையும் கழற்றி வேறொன்று மாட்டலாம். மாட்டினால் கப்பலின் நடை மாறும். மெக்கானிக்குக்கு அது போதும்.

சென்றாயன் எங்கள் மலையிலேயே தேவனூர் நாட்டுக்காரன். முப்பது வயது. நெட்டை. அப்பா விட்டுப்போன ஜீப்பை ஓட்டினான். வாழ்நாளில் அந்த ஒரு வண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. காலையில் ஆள் சேரும்வரை என் ஒர்க்‌ஷாப் முன்னால் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்காருவான். அப்படித்தான் அவனும் விளையாட ஆரம்பித்தான். அந்த விளையாட்டில் ஒரு கப்பலைத்தான் சேமித்து வைக்க முடியும். ஆகவே இருவருக்கும் ஒரே கப்பல். காலையில் அவன். மாலையில் நான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் ஒரு மணி நேரம் தூங்குவேன். அப்போது என் மனைவி அம்சவேணி அந்த அறையைக் கூட்டுவாள்.

திரையில் த்ரஸ்டர் என்று எழுதியிருக்கும். நாங்கள் தள்ளி என்றோம். கப்பலின் பின்னால் இருப்பவை பின்தள்ளிகள். அவை முன்னே செலுத்தும். மூக்கில் இருப்பவை முன்தள்ளிகள். அவை எதிர்ப்பக்கம் தள்ளி வேகத்தைக் குறைக்கும். வானத்தில் பிரேக் கிடையாது. எல்லாத் தள்ளிகளுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் மின்சாரம். பெரிய பின்தள்ளி மாட்டினால் முன்தள்ளிக்கு மின்சாரம் பற்றாது. பெரிய தள்ளிக்குக் கனம் அதிகம். அந்தக் கனத்தைத் தள்ளவே எரிபொருள் அதிகம் வேண்டும். அந்த எரிபொருளுக்கும் கனம் உண்டு. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இதை நான் மூன்று வாரம் யோசித்தேன். கடைசியில் நடுத்தரப் பின்தள்ளி இரண்டு, முன்தள்ளி நான்கு என்று முடிவு செய்தேன். முழுச் சரக்கோடும் எங்கே வேண்டுமானாலும் நிற்கக்கூடிய கப்பல்.

சென்றாயனுக்குப் பிடிக்கவில்லை.

"பின்னாடி பெருசா ஒண்ண மாட்டுங்ணா. சும்மா பிச்சுக்கிட்டுப் போவணும்."

"போன பின்னே எப்படி நிப்பாட்டுவே?"

"அது நிக்கறப்பப் பாத்துக்கலாங்ணா. மொதல்ல போவட்டும்."

"பெருசோட கனத்தைத் தள்ளவே பாதி பலம் போயிரும்டா."

"எங்கப்பன் மாதிரியே பேசறீங்க. அவரும் ரெண்டாவது கியரத் தாண்டாமயே செத்துப்போனாரு."

ஜீப்பில் இடம் கேட்டு வந்து நின்ற பழனியம்மாள் சிரித்தார். அன்னாசிப்பழம் விற்பவர். கணவர் இல்லை. "ஏஞ்சாமி, ரெண்டு பேரும் ஓடாத வண்டிக்கு இந்தச் சண்ட போடறீங்க. ஓடற வண்டியப் பாருங்க, டயரு மொட்டையா இருக்குது" என்றார். டயர் மொட்டையாகத்தான் இருந்தது.

வானத்தில் தள்ளிகளை அணைத்துவிட்டாலும் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அது சென்றாயனுக்கு மிகவும் பிடித்தது. "நம்ம எறக்கம் மாதிரியே இருக்குதுங்ணா" என்றான். மலையிலிருந்து இறங்கும்போது அவன் எழுபதாவது வளைவிலேயே எஞ்சினை அணைத்துவிடுவான். கியரை நியூட்ரலில் போட்டு அடிவாரத்தில் இருக்கிற காரவள்ளிவரை சும்மா உருட்டிக்கொண்டு போவான். டீசல் மிச்சம். அவன் அப்பா பழக்கியது. மலையில் பழைய ஜீப் வைத்திருந்தவர்கள் பலரும் அப்படித்தான். அந்த ஜீப்பில் பிரேக் பழைய ரகம். காலால் மிதிக்கிற பலம் மட்டும்தான். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெடல் ஒரே மாதிரி இருக்கும். இதை நினைவில் வையுங்கள்.

2003 பிப்ரவரியில் ஒரு மாலை கப்பலைத் திறந்தேன். முன்தள்ளிகள் இரண்டைக் காணோம். நான் நோட்டில் குறித்தேன். உங்கள் மேசையில் இருக்கிற அந்த நோட்டுத்தான். இடப்பக்கம் கப்பல். வலப்பக்கம் ஒர்க்‌ஷாப் வண்டிகள். நாற்காலி நகர்ந்திருக்கிறது, மேசையை ஒட்டி இழுக்கப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருப்பேன். நான் எதையும் விடுவதில்லை.

முன்தள்ளிகளைத் திரும்ப மாட்டினேன். சென்றாயனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வான். பிறகு அது உண்மையா என்று கண்டுபிடிக்கிற வேலை நமக்கு.

மார்ச்சில் மறுபடியும் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அவனைக் கவனித்தேன். காலையில் என்னைப் பார்த்ததும் முதலில் சிரிக்கிறானா, பேசுகிறானா என்று பார்த்தேன். சிரித்தான். முன்பும் அப்படித்தான் சிரித்தானா என்று நினைவில்லை. ஒரு நாள் "கப்பல் எப்படிங்ணா இருக்குது" என்று கேட்டான். அப்படிக் கேட்க வேண்டிய அவசியம் என்ன? அவனும்தான் அதை ஓட்டுகிறான். அதையும் குறித்தேன்.

ஏப்ரலில் ஒரு சந்தை நாள். முந்தின நாள் மத்தியானம் போன கரண்ட் அன்று காலைதான் வந்திருந்தது. ஜீப்புக்காக ஐந்தாறு பேர் உள்ளே வந்து நின்றார்கள். கப்பலை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். சென்றாயன் நாற்காலியை எனக்கு விட்டான். "அண்ணன் ஓட்டட்டும். அண்ணந்தான் கேப்டன்" என்றான். ஏழு மாதம் சேர்த்த சரக்கு கப்பலில் இருந்தது. நான் நிலையத்தை நெருங்கினேன். எப்போதும் அழுத்துகிற இடத்தில் முன்தள்ளியை அழுத்தினேன். வேகம் பாதிதான் குறைந்தது. கப்பல் நிலையத்தில் மோதி உடைந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சென்றாயன் அதிகம் சிரித்தான்.

"ஏனுங்ணா, ஊரு வண்டிக்கெல்லாம் பிரேக்கு புடிச்சுக் குடுப்பீங்க, உங்க வண்டிக்கு இல்லீங்களா?"

நானும் சிரித்தேன். பழனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், மொகம் சுண்டிப்போச்சு. உடு கண்ணு, பொம்மதான" என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

விளையாட்டு வெறும் கப்பலைத் திருப்பிக் கொடுத்தது. சரக்கைக் கொடுக்கவில்லை. நான் மறுபடி நான்கு முன்தள்ளி மாட்டினேன்.

பத்து நாள் கழித்துச் சென்றாயன் வந்து ஜீப்புக்குப் பெரிய எஞ்சின் வேண்டும் என்றான். ஏற்றத்தில் ஆளும் சரக்கும் சேர்ந்தால் முதல் கியரை விட்டு வண்டி நகரவில்லை. புதிதாக வந்த ஜீப்புகள் அவனைத் தாண்டிப் போயின. சவாரி குறைந்துவிட்டது. இந்த மழைக்குள் சரியாகவில்லை என்றால் ஜீப்பை விற்றுவிட்டுக் கட்டட வேலைக்குக் கீழே போக வேண்டியதுதான் என்றான். அவனிடம் வேறு எதுவும் இல்லை. "உங்களத்தாங்ணா நம்பியிருக்கறேன்" என்றான்.

யோசித்தேன். கப்பலுக்கு யோசித்ததைப் போலவே யோசித்தேன். நோட்டில் பாருங்கள், இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. பெரிய டீசல் எஞ்சின் போட்டால் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போகலாம். மூக்கில் எண்பது கிலோ கூடும். கூடின கனத்தை நிறுத்தப் பழைய பிரேக் போதாது. ஆகவே பூஸ்டர் வைக்க வேண்டும். பூஸ்டர் என்பது எஞ்சின் ஓடும்போது உண்டாகிற வெற்றிடத்தால் பெடலுக்கு உதவி செய்வது. அதற்குத் தகுந்த பெரிய சிலிண்டரும் போட வேண்டும். போட்டால் கட்டைவிரலால் மிதித்தாலே வண்டி நிற்கும்.

எஞ்சின் ஓடும்வரை.

அணைத்துவிட்டால் உள்ளே மிச்சமிருக்கிற வெற்றிடம் மூன்று மிதிக்கு வரும். நான்காவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிடும். சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். என் கையால் பதினோரு மலை வண்டிகளுக்குப் பூஸ்டர் வைத்திருக்கிறேன். பதினோரு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். சொன்னது மறந்துவிடக்கூடாது என்று ஸ்டியரிங்குக்கு நேரே மஞ்சள் பெயிண்டில் எழுதியும் கொடுத்திருக்கிறேன். இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதே. நீங்கள் போய்ப் பார்க்கலாம். பதினோரு வண்டிகளிலும் இருக்கும்.

சென்றாயனின் ஜீப்பில் இல்லை. போன வாரம் நீங்கள் கேட்டபோது பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்றேன். பெயிண்ட் தீரவில்லை. இரண்டாவது தட்டில் பாதி டப்பா இருக்கிறது.

வேலை எட்டு நாள் நடந்தது. நன்றாகவே செய்தேன். விபத்துக்குப் பிறகு அரசாங்க ஆய்வாளர் வந்து பிரித்துப் பார்த்தார். ஒழுக்கு இல்லை, தேய்மானம் இல்லை, எல்லா போல்ட்டும் முறுக்காக இருக்கிறது என்று எழுதினார். உண்மை. என் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடித்தார்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் நான் மட்டும் ஜீப்பை எடுத்துக்கொண்டு எழுபதாவது வளைவுக்குப் போனேன். எஞ்சினை அணைத்தேன். நியூட்ரலில் உருட்டினேன். அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு, அறுபத்தேழு. மூன்றுக்கும் பிரேக் வந்தது. அறுபத்தாறில் பெடல் கல்லானது. இரண்டு காலாலும் மிதித்து முதுகை சீட்டில் முட்டுக் கொடுத்தேன். ஜீப் தடுப்புச் சுவருக்கு ஓரடி முன்னால் நின்றது. சோதித்துப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆகவே காலி வண்டி நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சந்தை. காலை ஏழு மணிக்குச் சென்றாயன் வந்தான். ஏற்றத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். "யானை மாதிரி இழுக்குதுங்ணா" என்றான். பிரேக்கை மிதித்துப் பார்த்தான். "பஞ்சு மாதிரி இருக்குது" என்றான். "ஆமாம்" என்றேன். அதுவும் உண்மைதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலை செய்த வண்டி முதல் தடவை இறங்கும்போது மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து காரவள்ளிவரை போவார். திரும்ப பஸ்ஸில் ஏறி வருவார். நான் ஆரம்பித்த வழக்கம். மலையில் இப்போது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான். மெக்கானிக் உட்காராத வண்டியில் சிலர் ஏறவே மாட்டார்கள். அன்றும் நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஏறினார்கள். பின்னால் மிளகு மூட்டைகளும் வாழைத்தாரும் ஏற்றினார்கள். நீங்கள் விசாரித்த கருப்பண்ணன் உட்பட ஐந்து பேர் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

பழனியம்மாள் இரண்டு கூடை அன்னாசியோடு கடைசியாக வந்தார். இடம் இல்லை. "நீங்க போங்க சாமி. நான் பஸ்சுக்கு வாரேன்" என்றார்.

நான் இறங்கினேன்.

"நீங்க உக்காருங்கம்மா. எனக்கு இன்னிக்கு வேலை இருக்குது."

சென்றாயன் என்னைப் பார்த்தான். "மொத எறக்கம் நீங்க வரலீங்களாண்ணா?"

"உனக்குத் தெரியாத எறக்கமாடா?"

அவன் சிரித்தான். பெருமையாக இருந்திருக்கும். கூடைகளைத் தூக்கி அவர் காலடியில் வைத்தது நான்தான். பழனியம்மாள் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். "ஊட்டுக்குக் கொண்டு போங்க கண்ணு. வேணிக்குப் புடிக்கும்" என்றார்.

நான் அறுபத்திரண்டு கிலோ. அவரும் இரண்டு கூடையும் சேர்ந்தால் நூறுக்கு மேல் வரும்.

கருப்பண்ணன் ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னது சரி. நான் அங்கே இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். எழுபதில் சென்றாயன் எஞ்சினை அணைத்தான். மூன்று வளைவு சத்தமில்லாமல் இறங்கினார்கள். யாரோ காற்று நன்றாக வருகிறது என்றார்கள். அறுபத்தாறில் அவன் சீட்டைவிட்டு எழுந்து பெடல்மேல் நின்றான். கியர் போடப் பார்த்தான். கரகரவென்று சத்தம் வந்தது. கியர் விழவில்லை. ஜீப் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் போனது. சென்றாயன், பழனியம்மாள், பின்னால் இருந்தவர்களில் இரண்டு பேர். மொத்தம் நான்கு உயிர். மற்ற இருவரின் பெயர் உங்கள் காகிதத்தில் இருக்கும்.

அடக்கத்துக்கு நான் போனேன். சென்றாயனின் அம்மா பெருமாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எஞ்சாமி, நீயும் அதுலதான போயிருப்ப. கடவுளு உன்னையாவது எறக்கி விட்டாரே" என்றார்.

பதின்மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. பதினாலாம் நாள் மாலை கரண்ட் வந்த பிறகு கப்பலைத் திறந்தேன்.

நான்கு முன்தள்ளிகளையும் காணோம். பின்னால் ஒரு பெரிய தள்ளி மாட்டியிருந்தது. நாற்காலி மேசையை ஒட்டி இருந்தது. அப்போதுதான் அதை யோசித்தேன். சென்றாயன் நெட்டை. அவன் உட்கார்ந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளுவான்.

அம்சவேணி அடுப்படியில் இருந்தாள். அவள் குள்ளம்.

"கம்ப்யூட்டர யார் தொட்டது?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நாந்தாங்க" என்றாள். "மத்தியானம் மத்தியானம் கொஞ்ச நேரம் ஓட்டுவேன். முடிச்சதும் நீங்க வெச்ச மாதிரியே திருப்பி மாட்டி வெச்சுருவேன். பாதியில கரண்ட் போச்சுன்னா முடியாது. இன்னிக்கும் அப்படித்தாங்க ஆச்சு."

"முன்தள்ளி இல்லாம எப்படி நிப்பாட்டுவே?"

"முன்னாடி எதுக்குங்க அத்தனை கனம்? நிக்கணும்னா கப்பலையே அப்படியே திருப்பிக்கிட்டு, பின்னாடி இருக்கறத அழுத்துனாப் போதுமே. வேகம் தானாக் கொறையுது."

நான் போய் அப்படி ஓட்டிப் பார்த்தேன். நின்றது. நிலையத்தை ஊசியில் நூல் கோப்பது போலத் தொட்டது. நான்கு முன்தள்ளிகளின் கனம் மிச்சம். அதற்குப் பதில் சரக்கு கூடுதலாக ஏற்றலாம். மூன்று வாரம் யோசித்தும் எனக்கு அது தோன்றவில்லை. நல்ல மாற்றம். ஒத்துக்கொள்கிறேன்.

அன்றே நோட்டில் அதைக் குறித்தேன். எழுதும்போது அவள் கதவருகில் நின்று எதிர்ப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனித்தேன். எதிர்ப்பக்கத்தில் ஜீப். ஆள் கனம், மூட்டை கனம், மூன்று மிதி, அறுபத்தாறு. அவள் எட்டாவது வரை படித்தவள். மறுநாள் காலை நோட்டு அதன் இடத்தில் இல்லை. அவளும் இல்லை. இரண்டு நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். யார் கொடுத்தது என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. தெரியும்.

ஆமாம், ஐயா. ஜீப் நிற்காது என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆள் ஏறினால்தான் நிற்காது என்பதும் தெரியும். அதற்காகத்தான் சந்தை நாளைப் பார்த்தேன். அதற்காகத்தான் முன்சீட்டில் ஏறினேன். அதற்காகத்தான் இறங்கினேன். இதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அம்சவேணி இங்கே வந்து என்னைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றாள். அழவில்லை. "அவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதையும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். கேட்டிருந்தால் "நான் தொடவே இல்லீங்ணா" என்றிருப்பான். அந்தப் பொய்யை என் முகத்துக்கு நேரே அவன் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை.